முதுகில் ஜெட் சுமந்த பாக்கெட்

பாக்கெட் விமானத்தைக் கணினி சிமுலேட்டரில் பறக்கவைக்க எனக்கு இரண்டு வருடமும் சில மாதங்களும் பிடித்தன. அதில் முதல் மூன்று மாதம் நான் வேறு விமானத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

இந்திய விமானப்படையில் ‘பாக்கெட்’ என்றால் அமெரிக்க ஃபேர்சைல்டு கம்பெனியின் சி-119ஜி. 1954இல் வரத் தொடங்கி முப்பது வருடம் போல உழைத்த சரக்கு விமானம். நடுவில் பெட்டி மாதிரி உடம்பு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு எஞ்சின். எஞ்சினுக்குப் பின்னால் நீளமாகப் போகும் ஒரு குழல், அதன் கடைசியில் ஒரு வால். ஆக, இரண்டு குழல், இரண்டு வால். ஆனால் அமெரிக்காவில் சி-119இன் பெயர் ‘ஃப்ளையிங் பாக்ஸ்கார்’. அங்கே ‘பாக்கெட்’ என்பது அதற்கு அண்ணனான சி-82இன் பெயர். நான் ‘பாக்கெட்’ என்று தேடி, மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கிற மாதிரி கிடைத்த வரைபடத்தை எடுத்து, முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் பின்னணியாகப் போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். இரட்டை வால், பெட்டி உடம்பு எல்லாம் சரியாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

கண்டுபிடித்தது எங்கள் தெருக்கோடி சார். விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சேலையூர், தாம்பரம் பக்கம் அப்படிப் பலர் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு போய்ப் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது நம்ம பாக்கெட் இல்லையே தம்பி. பைலட் எங்க மாடியில உக்காந்திருக்கார்? நம்மளுதுல மூக்குலல்ல உக்காருவாங்க.”

அவர் சொன்னதுதான் சரி. சி-82இல் பைலட் அறை சரக்கு அறைக்கு மேலே ஏறி நிற்கும். சி-119இல் அதை முன்னால் இழுத்து, கீழே இறக்கி மூக்கில் வைத்துவிட்டார்கள். எஞ்சினும் மாறியது. சி-119ஜியில் இருந்தது ரைட் ஆர்-3350, பதினெட்டு சிலிண்டர். மூன்று மாத வேலையில் டயரைத் தவிர எதுவும் தேறவில்லை. டயரும் பிறகு மாறியது.

அன்றைக்கு நான் போட்டுக்கொண்ட விதி, எந்தக் கோட்டை இழுப்பதற்கு முன்பும் நாம் செய்யப்போகும் அதே வகை, அதே எழுத்து (சி-119ஜி என்றால் அந்த ‘ஜி’) உள்ள விமானத்தின் இருபது புகைப்படங்களாவது கையில் இருக்க வேண்டும் என்பது. வரைபடத்தை நம்பக் கூடாது. பழைய பத்திரிகைகளில் வந்த வரைபடங்கள் அச்சாகும்போதே சுருங்கியும் நீண்டும் போயிருக்கும். என்னிடம் இருந்த சி-119 வரைபடம் ஒன்றில் மேலிருந்து பார்க்கும் படத்துக்கும் பக்கவாட்டுப் படத்துக்கும் உடம்பு நீளம் ஒத்துப்போகவே இல்லை. உறுதியாகத் தெரிந்த இரண்டு அளவுகளை, அதாவது இறக்கை முனைக்கு முனை 109 அடி 3 அங்குலம், மொத்த நீளம் 86 அடி 6 அங்குலம், இந்த இரண்டையும் ஆணியாக அடித்துவிட்டு, வரைபடத்தை அதற்குள் இழுத்துப் பொருத்தினேன். மீதியெல்லாம் புகைப்படம்தான்.

அப்புறம், எல்லோரும் செய்யும் இன்னொரு தப்பையும் செய்தேன். அழகிலிருந்து தொடங்கினேன். ரிவெட் ரிவெட்டாக வைத்து, அலுமினியப் பளபளப்புக்கு ஒரு மாதம், ஐகே என்று தொடங்கும் எண்ணின் எழுத்துருவுக்கு ஒரு வாரம் என்று போனது. எல்லாம் முடித்து ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரில் ஏற்றினால், ஓடுபாதையில் வந்து நின்ற விமானம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. தவளை மாதிரி எகிறி நானூறு அடி மேலே போய், மல்லாந்து விழுந்தது.

ஃப்ளைட்கியர் இலவசம், யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால்தான் அதை எடுத்தேன். அதில் விமானம் எப்படிப் பறக்கும் என்பதை ஜேஎஸ்பிசிம் என்ற பகுதி கணக்குப் போடுகிறது. நாம் கொடுப்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. எடை, இறக்கைப் பரப்பு, சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, எஞ்சின், எல்லாம் எண்களாக அதில் இருக்கும். நான் சக்கரத்தின் ஸ்பிரிங் எண்ணைச் சின்ன செஸ்னா விமானத்தின் கோப்பிலிருந்து நகலெடுத்து, ‘இது பெரிய விமானமாச்சே’ என்று ஒரு பூஜ்யம் கூடப் போட்டிருந்தேன். உண்மையான கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். விமானம் 64,000 பவுண்டு. மூக்குச் சக்கரம் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினால், மீதி இரண்டு பக்கமும் ஆளுக்கு 28,800 பவுண்டு. நிற்கும்போது ஸ்பிரிங் அரை அடி அமுங்க வேண்டும் என்றால், ஓர் அடிக்கு 57,600 பவுண்டு. அவ்வளவுதான். அதோடு தொடும் புள்ளி உண்மையில் டயரின் அடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடையது தரைக்குள் ஒன்றரை அடி புதைந்திருந்தது. பூமிக்குள் ஒன்றரை அடி அமுங்கிய ஸ்பிரிங்கை விட்டால் தவளை எகிறாமல் என்ன செய்யும்?

இப்போது யாராவது புதிதாகச் செய்கிறேன் என்றால் நான் சொல்வது, முதலில் வெறும் பெட்டியும் பலகையுமாக அசிங்கமாக ஒன்றைச் செய்து பறக்கவிடுங்கள் என்றுதான். நிற்கட்டும், ஓடட்டும், எழும்பட்டும், இறங்கட்டும். பெயின்ட் எங்கேயும் போய்விடாது.

ஆரம்ப எண்களை ஏரோமேட்டிக் என்ற கருவி தயாரித்துக் கொடுக்கும். எடை, நீளம், எஞ்சின் வகையைச் சொன்னால் பறக்கக்கூடிய ஒரு கோப்பு வந்துவிடும். ஆனால் அதற்குப் பாக்கெட் மாதிரி இரட்டைக் குழல் விமானம் புரியாது. சாதாரண விமானம் என்று நினைத்து எடையைப் பரப்பியிருந்தது. பாக்கெட்டில் கனமான எஞ்சின்கள் பக்கவாட்டில் தள்ளி இருக்கின்றன, குழலும் வாலும் வெகுதூரம் பின்னால் போகின்றன. அதனால் அது மூக்கைத் திருப்ப நேரம் எடுக்கும், திருப்பினால் நிறுத்தவும் நேரம் எடுக்கும். எஞ்சின், குழல், வால், உடம்பு, இறக்கை என்று பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் நடுப்புள்ளியிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஒரு நோட்டில் கூட்டினேன். ஒரு மழை நாள் முழுக்க அந்தக் கூட்டல்தான். மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது முதல்முறையாக அது லாரி மாதிரி நடந்துகொண்டது. அதுவரை அது ஸ்கூட்டர்.

இன்னொரு விஷயமும் இந்த வடிவத்தோடு சேர்ந்தது. இரண்டு செங்குத்து வாலும் நேராக எஞ்சின்களுக்குப் பின்னால் இருக்கின்றன. விசிறி தள்ளும் காற்று நேரே வால் மேல் அடிக்கும். அதனால் மெதுவாக ஓடும்போதும் ரட்டர், அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை, வேலை செய்யும். ஜேஎஸ்பிசிம் இதைத் தானாகச் செய்யாது. விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்ற எண்ணை எடுத்து, இடது வாலுக்குத் தனி, வலது வாலுக்குத் தனி என்று நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இடது எஞ்சின் நின்றால் தள்ளு சக்தி மட்டும் போகவில்லை, அந்தப் பக்க வாலின் காற்றும் போகிறது. காலை அழுத்திப் பிடிக்க வேண்டிய அதே நேரத்தில் ரட்டருக்குப் பாதி பலம்தான். எந்தப் புகைப்படத்திலும் இது தெரியாது.

சரி, ஜெட்டுக்கு வருகிறேன்.

இந்தியப் பாக்கெட்டுகளின் முதுகில், இறக்கைக்கு மேலே, ஒரு சின்ன ஜெட் எஞ்சின் பொருத்தியிருப்பார்கள். நேட் போர் விமானத்தில் இருந்த ஆர்ஃபியஸ் குடும்பத்து எஞ்சின், சுமார் 4,700 பவுண்டு தள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், எருமை மேல் காக்கை உட்கார்ந்த மாதிரி. நான் அதை வெறும் அலங்காரமாகத்தான் முதலில் செய்தேன். உருவம் மட்டும் இருந்தது, உள்ளே எஞ்சின் இல்லை. சாரிடம் காட்டியபோது, “ஸ்டார்ட் பண்ணு” என்றார். ஆகாது என்றேன். “அப்ப லேக்கு எப்படிப் போவ?”

ஒரு வருடம் கழித்து அவர் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் நாளே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த விமானத்துக்கு இருந்த கஷ்டம் என்ன, அதற்கு என்ன வழி பண்ணினார்கள்? அது தெரியாமல் செய்தால் பொம்மைதான் வரும்.

கஷ்டம் லடாக். லே விமான நிலையம் 10,682 அடியில் இருக்கிறது. 1948 மே 24இல் விமானப்படையின் மெஹர் சிங் ஒரு டகோட்டா சரக்கு விமானத்தை அங்கே முதன்முதலாக இறக்கினார். அதற்கும் மேலே 16,614 அடியில் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டி ஓடுதளம். அங்கே 1962 ஜூலை 23இல் ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே ஒரு பாக்கெட்டை இறக்கினார். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான்.

சிமுலேட்டரில் இதை உணர லே போதும். கோடையில் 25 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 67 சதவீதம். சூட்டையும் சேர்த்தால் அடர்த்தி 65 சதவீதத்துக்கு வந்துவிடும். விமானத்தைப் பொறுத்தவரை அது 10,682 அடியில் இல்லை, 14,000 அடிக்கும் மேலே நிற்கிறது. வேகமானி 105 நாட்ஸ் காட்டும்போது தரையில் உண்மையான வேகம் சுமார் 130. மூச்சு முட்டும் எஞ்சின், அதிக ஓட்டம், அதே ஓடுபாதை, சுற்றிலும் மலை. என் விமானம் அந்த வெயிலில் ஓடுபாதை முடியும் வரைக்கும் ஓடி, வேலியைத் தாண்டி, சிந்து நதிப் பக்கம் போய் நின்றது. சென்னை மீனம்பாக்கத்தில் ஓட்டிப் பார்த்தபோது அதே எடையோடு ஜம்மென்று எழும்பியது அதுதான்.

அதனால் பழைய விமானம் செய்கிறவர்கள் எஞ்சின் கோப்பில் சோம்பல் படக் கூடாது. பிஸ்டன் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜருக்கு எத்தனை கியர், ஒவ்வொரு கியரும் எந்த உயரம் வரை அழுத்தத்தைக் காப்பாற்றும் என்று எழுத இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் கடல்மட்டத்தில் எல்லாம் பிரமாதமாக இருக்கும், மலையில் எதுவுமே உண்மையாக இருக்காது. சோதனை ஓட்டங்களை எப்போதும் மூன்று இடத்தில் செய்யுங்கள், ஒன்று கடலோரம், ஒன்று மேட்டு நிலம், ஒன்று மலை. எனக்கு மீனம்பாக்கம், பெங்களூர், லே.

ஜெட்டுக்கு உயிர் கொடுத்தது ஒரே மாலை வேலை, ஆனால் அது கிளப்பிய தொல்லை ஒரு மாதம். முதல்முறை முழு வேகம் கொடுத்ததும் மூக்கு கீழே குத்தியது. ஏதோ கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது என்று இரவெல்லாம் கோப்பைத் துழாவினேன். தப்பே இல்லை. எஞ்சின் விமானத்தின் நடுப்புள்ளிக்கு மேலே இருக்கிறது. என் கணக்கில் ஏழு அடி மேலே. உயரமான அலமாரியை மேல்விளிம்பில் பிடித்துத் தள்ளினால் முன்னால் சாயும் இல்லையா, அதேதான். 4,700 பவுண்டை ஏழு அடியால் பெருக்கினால் 33,000 அடி-பவுண்டு மூக்கைக் கீழே அழுத்துகிறது. அணைத்தால் அந்த அழுத்தம் போய் மூக்கு மேலே வருகிறது. பைலட் இரண்டு தடவையும், மூக்கைச் சமநிலையில் வைக்கும் டிரிம் சக்கரத்தைத் திருப்பியாக வேண்டும். நான் பிழை என்று அழிக்கப் பார்த்தது அந்த ஏற்பாட்டோடு கூடவே பிறந்த குணம். இப்போதெல்லாம் விமானம் விசித்திரமாக நடந்துகொண்டால், ‘இது நிஜத்திலும் இப்படித்தான் இருந்திருக்குமோ’ என்று ஒரு டீ குடித்து யோசித்துவிட்டுத்தான் கோப்பைத் தொடுகிறேன்.

அந்த ஜெட்டின் உண்மையான அழகு எஞ்சின் ஒன்று செத்துப்போகும்போது தெரியும். லேயில் எழும்பி 200 அடியில் இடது எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். ஜெட் இல்லாமல் பத்து தடவையில் பத்து தடவையும் விழுந்தேன். ஜெட்டோடு மெதுவாக, மிக மெதுவாக ஏறியது. காரணம் எளிது. அது நடுக்கோட்டில் இருக்கிறது. விமானத்தைத் தள்ளும், ஆனால் எந்தப் பக்கமும் திருப்பாது. செத்த பக்கத்தை ஈடுகட்ட ஏற்கெனவே கால் நடுங்கிக்கொண்டிருக்கும் பைலட்டுக்கு அது கூடுதல் வேலை தருவதில்லை.

கதவு விஷயத்தில் நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் இரண்டு பெரிய கதவுகள், சிப்பி மாதிரி பக்கவாட்டில் திறக்கும். லாரியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி நேராகச் சாமானை ஏற்றலாம். நான் ரொம்ப ஆசையாக, பறக்கும்போதே கதவு திறந்து பாராசூட் பெட்டிகள் வரிசையாக விழுகிற மாதிரி அனிமேஷன் செய்து, காற்றின் ஊளைச் சத்தம்கூடச் சேர்த்திருந்தேன். சார் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தம்பி, மேல போய் அதைத் திறந்தா கதவு தனியா ஆக்ராவுக்குப் போயிடும். டிராப்பிங்னா தரையிலேயே கழட்டி ஓரமா சாத்தி வெச்சுட்டுப் போவோம். பின்னால ஓப்பனாவே பறக்கும்.”

பிறகு விமானக் கையேட்டைப் படித்தபோது அப்படியே இருந்தது. அனிமேஷனைத் தூக்கிவிட்டு, தரையில் நிற்கும்போது மட்டும் ‘கதவோடு’, ‘கதவில்லாமல்’ என்று தேர்ந்தெடுக்கும் வசதி வைத்தேன். கதவில்லாத போது காற்று இழுப்பையும் கொஞ்சம் கூட்டினேன். ஆள்களைப் பார்ப்பதற்கு முன்பே கையேட்டைப் படித்திருக்கலாம் என்பீர்கள். படித்தால் என்ன கேட்பது என்று தெரியும், உண்மைதான். ஆனால் கையேட்டில் ‘ஓரமாகச் சாத்தி வைப்பது’ இல்லை. என் ஓடுபாதையின் ஓரத்தில் இப்போது இரண்டு கதவுகள் ஹேங்கர் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

ஸ்டார்ட் செய்யும் முறையும் அவரிடமிருந்து வந்தது. பாக்கெட்டில் இருப்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின். அதில் கீழ்ப்பக்க சிலிண்டர்களில் இரவெல்லாம் எண்ணெய் இறங்கித் தேங்கும். அப்படியே நெருப்பு கொடுத்தால் பிஸ்டனுக்கு மேலே நசுங்க முடியாத எண்ணெய் இருக்கும், உள்ளே ஏதாவது வளைந்துவிடும். அதனால் ஸ்டார்ட்டரால் விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு, கண் முன்னால் கடக்கும் இதழ்களை எண்ணிவிட்டுத்தான் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைப் போட வேண்டும். என் விமானத்தில் பொத்தானை அழுத்தியதும் கார் மாதிரிக் கிளம்பியது. இப்போது எண்ணாமல் போட்டால் கிளம்பாது. எண்ணிப் போட்டால் ஒரு சிலிண்டர் இருமும், இன்னொன்று இருமும், நீலப்புகை பொங்கி வரும், அப்புறம்தான் பதினெட்டும் சேர்ந்து பிடிக்கும். இந்த ஒரு மாற்றத்துக்கு வந்த பாராட்டு, ஒரு மாதம் செலவழித்த அலுமினியப் பளபளப்புக்கு வரவில்லை.

பெயின்ட் பற்றி ஒன்றே ஒன்று. விமானத்தைப் புதிதாகக் காட்டாதீர்கள், குப்பையாகவும் காட்டாதீர்கள். புகை எங்கே படியும், பூட்ஸ் எங்கே மிதிக்கும், எரிபொருள் எங்கே சிந்தும், அங்கே மட்டும் அழுக்கு போதும். என் முதல் பதிப்பு சேற்றில் புரண்டு வந்த மாதிரி இருந்தது.

போன மாதம் முதல் முழு ஓட்டத்தை சாருக்குக் காட்டினேன். சண்டிகரிலிருந்து லேக்கு. அவர் வீட்டு டிவியில் இணைத்து, ஜாய்ஸ்டிக்கை டீப்பாய் மேல் வைத்தேன். ஓட்டச் சொன்னால் மாட்டேன் என்றார். “நான் ஃபிட்டர். ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துட்டு இறங்கிடுவேன்.” இதழ்களை மட்டும் அவர் வாய்விட்டு எண்ணினார். மலைகளைத் தாண்டி, லேயில் இறங்கி, ஓடுபாதையில் திரும்பி நின்றேன். ஐந்து டன் சாமான், ஒரு கீறல் இல்லாமல்.

“லோடு இறக்கியாச்சா?”

“இறக்கியாச்சு சார்.”

“பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

பார்த்தேன். கிட்டத்தட்ட காலி. வந்து சேர எவ்வளவு வேண்டுமோ அதையும் கொஞ்சம் கூடவும் போட்டிருந்தேன்.

“அங்க யார் வெச்சிருக்கா உனக்கு ஊத்த? அங்க இருக்கிற பெட்ரோலே நாம பறந்து கொண்டுபோனதுதான். திரும்பி வர்றதுக்கும் இங்கேர்ந்தே ரொப்பிட்டுத்தான் போகணும்.”

திரும்புவதற்கான எரிபொருளையும் ஏற்றினால் ஐந்து டன் சாமான் ஏறாது. சாமானைக் குறைத்தால் லேயில் இறங்கும் எடை மாறும், நான் சோதித்து வைத்திருக்கும் அத்தனை வேகமும் மாறும். வீட்டுக்கு வந்து எடைக் கோப்பை மறுபடியும் திறந்தேன்.